கொடியைப் பிடித்தவர், பணப்பையைத் திறந்தவர்: கர்னல் லாய்ட்-லிண்ட்சேயின் அரசியல் வாழ்க்கை

1871 மார்ச்சில் பிரிட்டனின் காமன்ஸ் சபையில் ஒரு கர்னல் எழுந்து திருத்தத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். ராணுவ அதிகாரிப் பதவிகளைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கத்தை ஒழிக்க பிரதமர் கிளாட்ஸ்டனின் லிபரல் அரசு மசோதா கொண்டுவந்திருந்தது. நாட்டின் பாதுகாப்புச் செலவு இருக்கிற இருப்பில் அந்த ஒழிப்புக்காகப் பொதுப்பணத்தை இறைப்பதற்கு நியாயமில்லை என்பதுதான் கர்னலின் தீர்மானத்தின் சாரம். அவரை ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ரஷ்யாவுக்கு எதிரான கிரைமியப் போரின் ஆல்மா சண்டையில் உடைந்த கொடிக்கம்போடு மேடேறி விக்டோரியா கிராஸ் பெற்றவர் அவர். துணிச்சலுக்குப் பதக்கம் வாங்கிய ஒருவர், பதவி பணத்துக்குப் போகட்டும் என்று வாதாடினார்.

இன்று படிக்கும்போது இது முரணாகத் தெரிகிறது. அவருக்கு அப்படித் தெரியவில்லை. ராபர்ட் லாய்ட்-லிண்ட்சே, பின்னாளில் வாண்டேஜ் பிரபு, நல்ல மனிதர்; கொடையாளி; பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்டவர். சொத்துள்ளவன் முன்னால் நிற்க வேண்டும், முதல் குண்டையும் அவனே வாங்க வேண்டும், ஆகவே வழிநடத்தும் உரிமையும் அவனுக்கே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் நம்பிய கணக்கு. விக்டோரியா காலத்தில் ராணுவத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன பலரையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

அவர் 1832-ல் ஸ்காட்லாந்தின் பால்காரஸ் குடும்பத்தில் பிறந்தார். பட்டம் பழையதென்றாலும் பணம் அவ்வளவு பழையதல்ல. அதில் ஒரு பகுதி வங்காளத்திலிருந்து வந்தது. அவருடைய தாத்தாவின் பெயரும் ராபர்ட் லிண்ட்சேதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக சில்ஹெட்டில் இருந்தவர். அங்கே நிலவரி சோழிகளாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு ரூபாய்க்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள். வரிப்பணத்தைப் படகுகளில் அள்ளிப்போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. கலெக்டர் உத்தியோகத்தோடு சுண்ணாம்புக்கல், யானை என்று சொந்த வியாபாரமும் செய்து பணம் சேர்த்து, ஊர் திரும்பிய பின் குடும்பத்தின் பால்காரஸ் பண்ணையைத் தன் அண்ணனிடமிருந்தே விலைக்கு வாங்கினார். தாத்தாவின் சகோதரர்களில் ஒருவர் 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் சிக்கி ஸ்ரீரங்கப்பட்டினச் சிறையில் கிடந்தவர். அப்பா ஜேம்ஸ் லிண்ட்சே லெப்டினன்ட் ஜெனரல். விகன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அம்மா வங்கிக் குடும்பத்துப் பெண். படை, சபை, வங்கி மூன்றும் அந்த வீட்டில் முன்பே இருந்தன.

அண்ணன் கூட்ஸ் லிண்ட்சேயும் ராணுவத்தில் இருந்தவர்தான். ஆனால் ஓவியத்தின் பக்கம் சாய்ந்து, 1877-ல் லண்டனில் குரோவ்னர் ஓவியக் காலரியைத் திறந்தார். தம்பி ஈட்டன் பள்ளியில் படித்து 1850-ல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து விலைப்பட்டியலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். சாதாரணக் காலாட்படையில் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை 450 பவுண்டு. லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. அரசியாரின் மெய்க்காவல் படைகளான கார்ட்ஸில் இவை 1,200, 9,000. சாதாரணச் சிப்பாயின் கூலி நாளுக்கு ஒரு ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், கார்ட்ஸில் என்சைனாக நுழையும் விலை ஒரு சிப்பாயின் 65 ஆண்டு கூலிக்கு மேல் வரும். அரசு விலைக்கு மேல் கள்ளத்தனமாகக் கைமாறிய தொகை தனி. சட்டப்படி அது குற்றம். கண்டும் காணாமல் எல்லோரும் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள். வேலையை விட்டுப் போகும்போது பதவியை அடுத்தவருக்கு விற்று, தான் போட்ட முதலை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் கொடுக்கும் செலவு அரசுக்கு மிச்சம். சொத்துள்ளவர்கள் கையில் ராணுவம் இருந்தால் அது ஆட்சியைக் கவிழ்க்காது என்பது இதற்குச் சொல்லப்பட்ட அரசியல் நியாயம்.

இப்படி உருவான படை 1854 செப்டம்பர் 20 அன்று ஆல்மா ஆற்றைக் கடந்தது. எதிர்மேட்டில் ரஷ்யப் பீரங்கிகள். முதலில் ஏறிய பிரிட்டிஷ் லைட் டிவிஷன் மேட்டரணைப் பிடித்தும் தாக்குப்பிடிக்க முடியாமல் சரிந்து இறங்கியது. ஓடிவந்தவர்கள், கீழிருந்து ஏறிக்கொண்டிருந்த ஸ்காட்ஸ் ஃபியூசிலியர் கார்ட்ஸ் வரிசைக்குள்ளேயே மோதினார்கள். வரிசை கிழிந்தது. “ஃபியூசிலியர்கள் பின்வாங்குக” என்று ஒரு கூச்சல் எழுந்தது. அது ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்களுக்கான உத்தரவு என்கிறார்கள். ஆனால் இவர்களும் ஃபியூசிலியர்கள்தானே. ஒரு பகுதி திரும்பி இறங்கத் தொடங்கியது. கார்ட்ஸ் பிரிகேடின் நடுவில் பெரிய இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளியில் அரசியின் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் 22 வயது லிண்ட்சே. கொடிக்காவலர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். கொடித்துணி சல்லடையானது, கம்பு குண்டுபட்டு இரண்டாக முறிந்தது. அவர் கொடியைக் கீழே விடவில்லை. படைக்கொடி அன்று அலங்காரப் பொருள் அல்ல. கறுப்பு வெடிமருந்துப் புகையில் பத்தடி தூரத்து ஆள் தெரியாத களத்தில், சிதறிய சிப்பாய்க்குத் தன் வரிசை எங்கே என்று காட்டும் அடையாளம் அது ஒன்றுதான். கொடி நகர்ந்தால் வரிசை நகரும், கொடி விழுந்தால் வரிசை கலையும். எதிரி குறிவைப்பதும் அதனால்தான். அவரோடு சில சார்ஜென்ட்களும் நின்றார்கள். சிதறியவர்கள் கொடியைப் பார்த்துத் திரும்ப அணிசேர்ந்தார்கள். கார்ட்ஸ் மேட்டைப் பிடித்தது. நவம்பர் 5 அன்று இன்கர்மேனில் ஒரு சில ஆட்களோடு ரஷ்யர்கள் மீது பாய்ந்து அவர்களைப் பின்தள்ளினார். ஒருவரைத் தானே உடலூடுருவக் குத்தினார் என்று பதக்கத்துக்கான அரசிதழ்க் குறிப்பு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

விக்டோரியா கிராஸ் 1856 ஜனவரியில்தான் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன் சிப்பாயும் அதிகாரியும் ஒரே தரத்தில் பெறக்கூடிய வீரப்பதக்கம் பிரிட்டனில் இல்லை. 1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் விக்டோரியா அரசி குதிரைமேல் அமர்ந்தபடியே 62 பேருக்கு அதை அணிவித்தார். லிண்ட்சேயும் அதில் ஒருவர். ஆல்மாவில் அவரோடு நின்ற சார்ஜென்ட்களும் அதே பதக்கத்தைப் பெற்றார்கள். பதக்கம் ஒன்றுதான்; அதோடு வந்த ஆண்டுக்குப் பத்து பவுண்டு உதவித்தொகை மட்டும் அதிகாரி அல்லாதவர்களுக்கே. அதிகாரிக்கு அது தேவைப்படாது என்று வைத்துக்கொண்டார்கள்.

லிண்ட்சேக்கு அது நிச்சயமாகத் தேவைப்படவில்லை. 1858 நவம்பரில் ஹாரியட் லாய்டை மணந்தார். அவர் ஓவர்ஸ்டோன் பிரபுவின் ஒரே வாரிசு. ஓவர்ஸ்டோன் இங்கிலாந்தின் மிகப்பெரும் வங்கிச் செல்வந்தர்களில் ஒருவர். 1844-ன் பேங்க் ஆஃப் இங்கிலாந்து சட்டத்துக்குப் பின்னிருந்த கருத்துகளில் அவருடைய பங்கு பெரிது. மருமகன் மாமனாரின் குடும்பப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு லாய்ட்-லிண்ட்சே ஆனார். பெர்க்ஷயரில் லாக்கிஞ்ச் பண்ணை கல்யாணச் சீராக வந்தது. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு இளக்காரம் உண்டு. அங்கே அது நாடாளுமன்றத்துக்குப் போகும் வாசலாக இருந்தது.

ஏன் என்றால், அன்று நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, 1911-ல்தான் வந்தது. தேர்தல் செலவு, லண்டனில் ஒரு வீடு, தொகுதியில் தான தருமம் எல்லாம் சொந்தப் பணம். 1872 வரை ரகசிய வாக்கும் இல்லை. குத்தகைக்காரர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது நிலக்கிழாருக்குத் தெரியும். ஒரு கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பெரிய பண்ணையும் போர்ப் புகழும் ஒருவரிடம் சேர்ந்தால், கட்சிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். 1865-ல் லாய்ட்-லிண்ட்சே கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் பெர்க்ஷயர் உறுப்பினரானார். இருபது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். மாமனார் எதிர்த்தரப்பான விக் கட்சிக்காரர் என்பது வேடிக்கை.

சபையில் அவரைப் போன்ற கர்னல்கள் நிறைய. அரசியலுக்கு வர ராணுவத்தை விட்டுவிட வேண்டும் என்ற விதிகூட அன்று இல்லை. கார்ட்ஸ் படை லண்டனிலேயே இருந்ததால் காலையில் அணிவகுப்பு, மாலையில் விவாதம் என்று இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். லாய்ட்-லிண்ட்சே கல்யாணமான கையோடு முழுநேரப் படைவேலையை விட்டார். ஆனால் 1859-ல் பிரெஞ்சுப் படையெடுப்பு வரும் என்ற பீதியில் நாடெங்கும் கிளம்பிய தொண்டர் படை இயக்கத்தில் இறங்கி, பெர்க்ஷயர் தொண்டர் படைக்குப் பல்லாண்டு தலைமை தாங்கினார்.

1871 மசோதாவுக்கு வருவோம். போர் அமைச்சர் எட்வர்ட் கார்ட்வெல் பதவி விற்பனையை ஒழிக்க விரும்பினார். ஒழித்தால், பணம் போட்டு வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். பல லட்சம் பவுண்டு. லாய்ட்-லிண்ட்சே பிடித்துக்கொண்டது அந்த இடத்தை. இந்தத் தொகையைத் துப்பாக்கிக்கும் ரிசர்வ் படைக்கும் செலவிட்டால் நாட்டுக்குப் பலம் என்பது கேட்பதற்கு நியாயமான வாதம்தான். பிரஷ்யப் படை பிரான்சை நசுக்கிய சில மாதங்களுக்குள் நடந்த விவாதம் இது. ஆனால் அதே பிரஷ்யப் படையில் பதவிகள் விலைக்கு விற்கப்படவில்லை என்பதுதான் எதிரணியின் வலுவான பதில். கர்னல்கள் ஒவ்வொரு உட்பிரிவிலும் பேசிப் பேசி மசோதாவை இழுத்தடித்தார்கள். பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்டது. கிளாட்ஸ்டன் சட்டத்தையே சுற்றிக்கொண்டு போனார்: பதவி விற்பனைக்கு அனுமதி அரசாணையால் வந்தது, அரசாணையாலேயே போகட்டும் என்று அரசியின் ஆணையைப் பெற்று முடித்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் விற்பனை இல்லை. இப்போது மசோதாவைத் தடுத்தால் நஷ்டஈடு கிடைக்காது என்பதால் பிரபுக்கள் வேறு வழியில்லாமல் நிறைவேற்றினார்கள்.

சபையில் தோற்ற இந்த மனிதர் சபைக்கு வெளியே அதற்குச் சற்று முன்னால் செய்த காரியம்தான் நின்றது. 1870 ஜூலையில் பிரான்சும் பிரஷ்யாவும் போருக்குப் போனதும் அவர் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் பிரிட்டனும் இணைந்திருக்கிறது, மற்ற நாடுகளில் காயம்பட்ட வீரர்களுக்கு உதவும் சங்கங்கள் இருக்கின்றன, இங்கே ஒன்றும் இல்லை. தொடங்குவோம், என் பங்கு ஆயிரம் பவுண்டு என்றார். கடிதம் வெளியாகி இரண்டு வாரத்துக்குள் கூட்டம் கூடியது, போரில் நோயுற்றோர் காயமுற்றோர் உதவிக்கான தேசியச் சங்கம் பிறந்தது. அரசி புரவலர், லாய்ட்-லிண்ட்சே தலைவர். சில மாதங்களில் வசூல் மூன்று லட்சம் பவுண்டை நெருங்கியது. கிரைமியாவில் காயம்பட்டவர்கள் கப்பலில் அழுகிக் கிடந்த செய்தியை மறக்காத ஒரு தலைமுறை கொடுத்த பணம் அது.

அக்டோபரில் அவரே போர்க்களத்துக்குப் புறப்பட்டார். வெர்சாயில் பிரஷ்யத் தலைமையகத்தில் 20,000 பவுண்டைக் கொடுத்தார். பிறகு வெள்ளைக்கொடியோடு முற்றுகைக் கோட்டைக் கடந்து பாரிசுக்குள் போய் அங்கும் 20,000 பவுண்டைக் கொடுத்தார். இரு தரப்பும் சமம் என்பதை ஒரு பைசா பிசகாமல் காட்டியாகிவிட்டது. ஆனால் வென்றுகொண்டிருக்கும் பிரஷ்ய அரசின் கையில் இங்கிலாந்தின் சாதாரண மக்கள் கொடுத்த நன்கொடையை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்ததால் எந்தக் காயத்துக்குக் கட்டுப் போடப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மருந்தாகவும் படுக்கையாகவும் சங்கத்தின் ஆட்கள் நேரில் கொண்டுபோன உதவிதான் உண்மையில் பயன்பட்டது. காசோலை ஒரு பெருந்தனக்காரரின் சைகை.

போர் முடிந்தபின் சங்கத்தில் பெருந்தொகை மிஞ்சியது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. சமாதானக் காலத்திலேயே செவிலியர்களையும் தொண்டர்களையும் பயிற்றுவித்து ஆயத்தமாக வைக்க வேண்டும் என்று உள்ளேயிருந்த சிலர் வாதிட்டார்கள். லாய்ட்-லிண்ட்சே ஒப்பவில்லை. தன் வீரர்களைக் கவனிப்பது ராணுவத்தின் கடமை; சங்கம் போர் வந்தால் மட்டும் கைகொடுக்கும் என்பது அவர் நிலை. படைக்காரரின் தர்க்கம் அது, அடியோடு தவறென்றும் சொல்ல முடியாது: தொண்டு நிறுவனம் எல்லாவற்றையும் செய்துவிட்டால் போர் அலுவலகம் மருத்துவத்துக்கு ஏன் செலவழிக்கப் போகிறது? ஆனால் விளைவு, பணம் வங்கியில் தூங்கியது, சங்கம் ஒரு சிறு குழுவின் கைக்குள் இருந்தது. பயிற்சியை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவரான ஜான் ஃபர்லி வெளியே போய், 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு உருவாகக் காரணமானார். 1876-ல் செர்பியா துருக்கியோடு மோதியபோது லாய்ட்-லிண்ட்சே மறுபடி நேரில் போனார். போர் வந்தால் அவர் கிளம்பிவிடுவார். இடைப்பட்ட ஆண்டுகளின் அலுப்பான ஆயத்த வேலைதான் அவருக்குப் பிடிபடவில்லை.

பிரதமர் டிஸ்ரேலியின் கன்சர்வேட்டிவ் அரசில் 1877 முதல் 1880 வரை போர் அலுவலகத்தின் நிதிச் செயலராக இருந்தார். அவர் வகித்த ஒரே அரசுப் பதவி அது. ஆப்கான் போரும் ஜூலூ போரும் நடந்த காலம். கணக்குக் கேட்கும் எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்வதே வேலை. நினைவில் நிற்கும்படி எதுவும் செய்யவில்லை.

அவருடைய நிஜமான ராஜ்யம் லாக்கிஞ்ச். 1883-ல் மாமனார் இறந்தபோது இருபது லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தோடு நிலங்களும் மகளுக்கு வந்தன. பெர்க்ஷயரில் மட்டுமே ஏறத்தாழ இருபதாயிரம் ஏக்கர். அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்து இங்கிலாந்து விவசாயம் படுத்திருந்த நேரம். குத்தகைக்காரர்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். லாய்ட்-லிண்ட்சே அந்த நிலங்களைத் தானே எடுத்துப் பயிர்செய்தார். லாக்கிஞ்ச், ஆர்டிங்டன் கிராமங்களில் தொழிலாளர்களுக்கு அழகான வீடுகள் கட்டினார். கூட்டுறவுக் கடை, ரொட்டி அடுப்பு, லாபத்தில் ஒரு பங்கு எல்லாம் உண்டு. ஊர்ச் சாராயக்கடையையும் பண்ணையே நடத்தியது. கிடைத்த லாபம் ஊர்ப் பொதுவேலைக்குப் போனது.

அருகிலிருந்த வாண்டேஜ் நகரமும் அவர் கையை எதிர்பார்த்தது. பிரதான ரயில் பாதை நகரத்தைத் தொடாமல் போனதால், ரயில் நிலையம் வரை ஒரு டிராம் பாதை போட முன்னின்றார். 1875-ல் அது ஓடத் தொடங்கியது. சந்தைச் சதுக்கத்தில், அந்த ஊரில் பிறந்த ஆல்ஃபிரட் அரசரின் சிலையைத் தன் செலவில் நிறுவினார். 1877-ல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். ஒரு கையில் போர்க்கோடரி, மறு கையில் சுருள் ஏடு. ஒன்பதாம் நூற்றாண்டு அரசரின் முகம் யாருக்குத் தெரியும்? சிற்பி கர்னலின் முகத்தையே வைத்துவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தத் தாடியையும் நெற்றியையும் கர்னலின் புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் ஊர் சொல்வதை மறுக்க மனம் வராது.

1891-ல் கிராமம் கிராமமாகப் போய் எழுதிவந்த லண்டன் லிபரல் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் லாக்கிஞ்சுக்கும் வந்தார். வீடுகளையும் ஒழுங்கையும் வாய்விட்டுப் பாராட்டினார். பழைய கன்சர்வேட்டிவ் கண்ணால் பார்த்தால் இது மாபெரும் வெற்றி என்றார். வேறு எந்தக் கண்ணால் பார்த்தாலும் உளுத்துப்போன ஏற்பாடு என்றும் சொன்னார். அங்கே யாரும் சொந்த அரசியல் கருத்தைத் துணிந்து வெளியே சொல்வதில்லை என்பது அவர் குறை. வீடு, வேலை, கடை, குடி எல்லாம் ஒரே கையில் இருந்தால் எதிர்த்துப் பேச எங்கே இடம்? வாண்டேஜ் பிரபு தரப்பினர் இதைக் கடுமையாக மறுத்தார்கள். கொடுமைப்படுத்தினார் என்று அந்தச் செய்தியாளர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரையும் மிரட்டத் தேவையில்லாத அளவுக்கு நன்றிக்கடன் அங்கே நிறைந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு தேதி முக்கியம். 1884 சீர்திருத்தச் சட்டம் விவசாயக் கூலிகளுக்கு முதன்முறையாக ஓட்டுரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டு தொகுதிகள் மறுசீரமைக்கப்பட்டு, மூன்று உறுப்பினர்களைக் கொண்டிருந்த பழைய பெர்க்ஷயர் கவுண்டித் தொகுதி மறைந்தது. அந்த 1885 ஜூலையில்தான் அவர் வாண்டேஜ் பிரபு ஆகிப் பிரபுக்கள் சபைக்கு ஏறினார். தன் கூலியாட்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை அவருக்கு வரவேயில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது: ஆளுக்கு மூன்று ஏக்கரும் ஒரு பசுவும் என்று தீவிர லிபரல்கள் முழங்கிய அதே ஆண்டில், சிறு விவசாயிகளுக்கு நிலம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றை அவரும் தொடங்கினார்.

கடைசியாக ஒரு முறை ராணுவ விஷயம் அவரிடம் வந்தது. ஆள்சேர்ப்பு ஏன் இப்படிச் சரிகிறது என்று ஆராய 1891-ல் அரசு ஒரு குழு அமைத்து அவரைத் தலைவராக்கியது. 1892 அறிக்கை தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. வயதும் எடையும் போதாத பையன்கள் சேர்க்கப்படுகிறார்கள். நாளுக்கு ஒரு ஷில்லிங் என்று விளம்பரம் செய்துவிட்டு உணவுக்கும் உடைக்கும் பிடித்தம் செய்வதால் சிப்பாய் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறான். கூலியை உயர்த்து, பிடித்தத்தை நீக்கு என்றது. போர் அலுவலக நிர்வாகியான ஆர்தர் ஹாலிபர்டன் மட்டும் குழுவில் தனித்து மறுப்பெழுதினார். ராணுவத் தலைமையும் அறிக்கையை வரவேற்கவில்லை. பரிந்துரைகளில் பெரும்பகுதி கிடப்பில் போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் பதவி விற்பனையைக் காப்பாற்ற எழுந்தவரே சிப்பாயின் பையைத் திறந்து பார்த்து, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அரசுக்கு எண்ணிக் காட்டினார். அவர் மாறிவிட்டார் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமை சொத்துள்ளவனுக்கு, பராமரிப்பு அவனை நம்பி வந்தவனுக்கு என்ற அதே கணக்குதான். ஆட்கள் கூலி குறைவென்று விலகிப் போவதை லாக்கிஞ்சின் பண்ணைக்காரர் நன்றாக அறிந்திருந்தார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது உதவி அமைப்புகளை ஒன்றுசேர்த்த செஞ்சிலுவை மத்தியக் குழுவுக்கும் அவரே தலைவர். அவர் முப்பது ஆண்டு முன்னால் கண்ட தனித்தனிச் சங்கங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. விக்டோரியா கிராஸ் பெற்றவர்களை வரிசையாக வரைந்த லூயி டெசாஞ்சின் ஓவியங்களை விலைக்கு வாங்கி 1900-ல் வாண்டேஜ் நகருக்குக் கொடுத்தார். 1901 ஜூன் 10 அன்று இறந்தார். குழந்தைகள் இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது. தேசியச் சங்கம் 1905-ல் மறுசீரமைக்கப்பட்டு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமானது. சமாதானக் காலத்திலும் ஆட்களைப் பயிற்றுவிப்பது என்று அது முடிவெடுத்தது. லேடி வாண்டேஜ் கணவர் நினைவாக ரெடிங் கல்லூரிக்கு ஒரு மாணவர் விடுதி கட்டிக்கொடுத்து, 1920 வரை வாழ்ந்தார். பண்ணை லாய்ட் குடும்பத்தின் உறவினரான ஆர்தர் தாமஸ் லாய்டுக்குப் போனது. அவர் அடுத்த ஆண்டே பெர்க்ஷயரின் அபிங்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் உறுப்பினராகக் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார்.